சித்திரக்கதையும் சாட்சியமும்: ஸ்டெபன் குவேர்னலான்டின் ஆக்கங்கள்

சித்திரக்கதையைப் பற்றி நமது ஆசிரிய நண்பர்கள் கொண்டுள்ள அபிப்பிராயம் பெரும்பாலும் ஒன்றுதான். பாடப்புத்தகத்தின் நடுவே ஒளித்து வைத்து மாணவன் படிப்பது அது. கண்டவுடன் பறித்து மேசை லாச்சியிற் போட்டுவிட வேண்டியது ஆசிரியரின் கடமை. இந்த அபிப்பிராயத்துக்கு முற்போக்கான பூர்வீகம் ஒன்றும் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. பிரான்ஸில் 1949 ஆம் ஆண்டு சிறுவர் வெளியீடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபோது, அதற்காகக் குரல் கொடுத்தவர்களிற் கத்தோலிக்கர் மட்டுமன்றிக் கம்யூனிஸ்டுகளும் இருந்தனர். பிரித்தானியாவில் 1955 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி சமைத்த இயக்கத்தில் இடதுசாரிகளும் ஆசிரியர் சங்கத்தினரும் முன்னின்றனர். அன்று அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த சித்திரக்கதைகள் பலவற்றில் நிறைந்திருந்த குரூரத்தையும் நிறவெறியையும் நோக்கும்போது அவர்களுடைய கவலை பொருளற்றது என்று கூறமுடியாது. ஆனால் உள்ளடக்கம் செய்த குற்றத்தை அவர்கள் உருவத்தின் தலையிற் சுமத்திவிட்டனர். நாவலிலும் குப்பை உண்டு; அதனால் நாவல் என்னும் உருவத்தையே நாம் ஒதுக்கிவிடவில்லை.

இந்தப் பழைய வழக்கை மீண்டும் எடுத்து விசாரிப்பதற்கு நமக்கு வாய்த்த சந்தர்ப்பம் நோர்வேயின் சித்திரக்கதைக் கலைஞர் ஸ்டெபன் குவேர்னலான்டின் ஆக்கங்கள். இப்சனின் நாடு என்ற வகையில் நோர்வே நமது வாசகர்களுக்குப் புதியதன்று. ஆனால் அந்நாட்டில், பெரியவர்களுக்கென எழுதப்படும் சித்திரக்கதை, ஆராய்ச்சி நூலோடு போட்டியிட்டு இலக்கியப் பரிசு பெறும் நிலையை அடைந்துவிட்டது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. குவேர்னலான்ட் 1963 ஆம் ஆண்டு, மேற்குக் கடற்கரைப் பட்டினமான ஹோகசுண்டிற் பிறந்தவர். நூல்களுக்குச் சித்திரம் வரைபவராகவும் சித்திரக்கதை ஆசிரியராகவும் நாற்பதாண்டுக்கு அண்மித்த காலம் உழைத்து வருகிறார். பெரும் வணிக நிறுவனங்களின் வார இதழ்களில் வேட்டைவீரன் கதையும் வாத்துக் கதையும் வரைந்து வாழ்ந்தவரல்லர். ஒஸ்லோவின் நோ கொம்ப்ரெண்டோ பிரெஸ் என்னும் சிறு பதிப்பகத்தின் வாயிலாகவே அவருடைய முக்கிய நூல்கள் வெளிவந்தன.

அவருடைய ஆரம்ப வேலை, நோர்வே இலக்கியத்தின் பெரிய பெயர்களைச் சித்திரத்தில் வெட்டிச் சுருக்கிக் கேலி செய்வது. 'அங்கங் குறைத்த செவ்விலக்கியங்கள்' என்று அவற்றுக்குப் பெயரிட்டார். இவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கெட்டிக்காரத்தனம் நிறைய உண்டு; பள்ளிக்கூடத்திற் பாடமாக வைத்துத் திணிக்கப்பட்ட நூலைப் பழிவாங்கும் மாணவனின் உற்சாகமும் உண்டு. அதற்கப்பால் எதுவும் இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் 1990களின் தொடக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு நூல் நம் கவனத்துக்குரியது. ஓவ்ரே ரிக்டர் பிரிக் என்பவர் 1911 ஆம் ஆண்டு எழுதிய 'இறுகிய முட்டிகள்' என்னும் நாவல் அது. யோனாஸ் பியெல் என்னும் பொன்முடி வைத்தியன் அதன் கதாநாயகன். உயரமும் பலமும் உடையவன். வெண்ணிற மேன்மையின் அவதாரம். இவனைக் கொண்டு பிரிக் எழுதிய நாவல்வரிசை நோர்வே மக்களிடையே வெகுவாக விற்பனையானது. யூதரும் கறுப்பினத்தவரும் புரட்சிக்காரரும் அந்த வரிசையில் எப்படி இழிவுபடுத்தப்பட்டனர் என்பதை இன்று படிக்கும் நோர்வேஜியர் தலைகுனியாதிருக்க முடியாது. ஹிட்லரின் பெயரை உலகம் அறியுமுன்னரே, ஒரு சிறிய ஜனநாயக நாட்டின் சாதாரண வாசகன் படுக்கையிற் சாய்ந்துகொண்டு இந்த நஞ்சை ருசித்துக்கொண்டிருந்தான் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

குவேர்னலான்ட் இந்நாவலை எதிர்த்துக் கட்டுரை எழுதவில்லை. அதன் வசனங்களையே பெரிதும் கையாண்டு, அவற்றுக்குச் சித்திரம் வரைந்தார். ஆசிரியன் எழுத்தில் 'எஃகு போன்ற தசைகள்' என்று பூசிமெழுகிவிட்டுப் போய்விடலாம். சித்திரக்காரன் அந்தத் தசையை வரைந்து காட்டவேண்டும். அப்படி வரைந்து காட்டும்போது வீரன் விகாரமாகிவிடுகிறான். போற்றுதல் தானாகவே பரிகாசமாகிவிடுகிறது. சொல்லும் சித்திரமும் ஒரே சட்டத்துக்குள் நின்று ஒன்றையொன்று மறுதலிக்கும் இந்த வசதி சித்திரக்கதைக்கே உரியது. மேற்கோள் என்பது நடுநிலையான காரியமன்று; எதற்குப் பக்கத்தில் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது சாட்சியமாகவோ குற்றப்பத்திரிகையாகவோ மாறும். இந்த உண்மையைக் குவேர்னலான்ட் தமது முப்பதாவது வயதளவிலேயே கண்டுகொண்டார். பின்னர் அவர் செய்தவை யாவும் இதன் விரிவே என்பது நமது துணிபு.

2004 ஆம் ஆண்டு, தமது நண்பர் லார்ஸ் பிஸ்கெயுடன் சேர்ந்து அவர் 'ஒலாப் ஜி.' என்னும் நூலை வெளியிட்டார். அவ்வாண்டின் பிராகே பரிசு அதற்குக் கிடைத்தது. கேலிச்சித்திரக்காரர் ஒலாப் குல்பிரான்சனின் வாழ்க்கையைக் கூறும் நூல் அது. இருவரும் தம்மையே பாத்திரங்களாக வரைந்துகொண்டு, குல்பிரான்சனின் சுவடு தேடி யாத்திரை புறப்படுகின்றனர். வழியிற் குடிக்கின்றனர், தர்க்கிக்கின்றனர், வியக்கின்றனர். பிஸ்கெயின் பக்கங்களில் உருவங்கள் கோணமும் வட்டமுமாக இறுகி நிற்கும். குவேர்னலான்டின் பக்கங்களிற் கை பல பாணிகளில் ஓடும். ஒரே வாழ்க்கையை இரண்டு கைகள் எழுதுகின்றன என்பதை வாசகன் ஒரு கணமும் மறப்பதற்கில்லை.

குல்பிரான்சன் யார்? 1873 ஆம் ஆண்டு கிறிஸ்தியானியாவிற் பிறந்தவர். 1902 ஆம் ஆண்டு மியூனிக் நகருக்குச் சென்று, 'சிம்ப்ளிசிசிமுஸ்' என்னும் அங்கதச் சஞ்சிகையிற் சேர்ந்தார். அச்சஞ்சிகை 1896 இல் அல்பேர்ட் லாங்கன் ஆரம்பித்தது. கைசரின் பலஸ்தீன யாத்திரையைக் கேலி செய்த குற்றத்துக்காக 1898 இல் அதன் சித்திரக்காரர் தோமஸ் தியோடர் ஹைனேயும் கவிஞர் வேடெக்கின்டும் சிறைக்கோட்டையில் அடைக்கப்பட்டனர். லாங்கன் நாட்டைவிட்டு ஓடினார். பாதிரியையும் பட்டாளத்தானையும் முதலாளியையும் ஓயாது கடித்த செந்நாய் அதன் சின்னம். அத்தகைய சஞ்சிகையில் குல்பிரான்சனின் ஒற்றைக்கோடு வந்து சேர்ந்தது. நிழலில்லை, தீற்றலில்லை, ஒரு மனிதனின் அகந்தை முழுவதும் ஒரு நாசியின் வளைவில் அடங்கிவிடும். கோட்டுச்சித்திரம் வரைய முயன்ற எவரும் அவர் முன் பொறாமைப்படாதிருக்க முடியாது. குவேர்னலான்டும் பிஸ்கெயும் அந்தக் கோட்டின் அடிமைகள். அதை அவர்கள் ஒளிக்கவுமில்லை.

அதே கோடு 1933 ஆம் ஆண்டை எவ்வாறு கடந்தது? இதுவே நூலைப் படிக்கும் நம்மைப் பற்றிக்கொள்ளும் கேள்வி. அவ்வாண்டு பெப்ரவரியில் தோமஸ் மான் மியூனிக் பல்கலைக்கழகத்தில் வாக்னரைப் பற்றி ஓர் உரை நிகழ்த்திவிட்டு வெளிநாடு சென்றார். ஏப்ரிலில், வாக்னரை அவமதித்துவிட்டார் என்று அவரைக் கண்டித்து மியூனிக் பிரமுகர்கள் ஓர் அறிக்கை விட்டனர். இசைமேதை ரிச்சார்ட் ஸ்ட்ராஸ் அதிற் கையெழுத்திட்டார், குல்பிரான்சனும் கையெழுத்திட்டார். மான் நாடு திரும்பவில்லை. சஞ்சிகையின் உயிர்நாடியாக விளங்கிய ஹைனே யூதர் என்பதால் வெளியேற்றப்பட்டார். சகாக்கள் தம்மைக் கைவிட்டனர் என்ற கசப்பு அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. குல்பிரான்சன் தங்கிவிட்டார். அறுபதாவது பிறந்த நாளையொட்டி மியூனிக்கில் நடந்த அவருடைய கண்காட்சியை நாஜிகள் சில நாட்களிலேயே மூடிவிட்டனர். அதன் பின்னரும் அவர் தங்கினார். தமது தாய்நாட்டை 1940 இல் ஜேர்மனியப் படைகள் ஆக்கிரமித்த பின்னரும், 1944 இல் நின்றுபோகும் வரை அதே சஞ்சிகைக்கு வரைந்தார். 1958 இல் தேகர்ன்சே ஏரிக்கரையில் அமைதியாக இறந்தார். 1966 இல் அங்கே அவர் பெயரால் ஓர் அரும்பொருட்சாலையும் திறக்கப்பட்டது. ஹைனேயோ பிராக் சென்று, பிறகு ப்ர்னோ சென்று, 1938 இல் ஒஸ்லோவுக்கு வந்து, அங்கும் ஹிட்லர் துரத்திவர, 1942 இற் சுவீடனுக்குத் தப்பி, 1948 இல் ஸ்டொக்ஹோமில் மாண்டார். நோர்வேஜியன் ஜேர்மனியில் மாடு கன்றோடு வாழ, ஜேர்மனியன் நோர்வேயில் அகதியாக அலைந்தான்.

இவ்விடத்திலேயே குவேர்னலான்டோடும் அவர் நண்பரோடும் நமக்குப் பிணக்கு ஏற்படுகிறது. யாத்திரை வடிவம் சிரிப்புக்கும் வியப்புக்கும் ஏற்றது, குற்றவிசாரணைக்கு ஏற்றதன்று. ஆடையைக் களைந்துவிட்டு வெயிலில் வேலைசெய்யும் பெரிய உடம்பு, குறும்பு, மலைவீடு என்று குல்பிரான்சன் தம்மைச் சுற்றித் தாமே வளர்த்த ஐதீகம் மிகக் கவர்ச்சியானது. அதன்பால் ஆசைவைத்து யாத்திரை போகிறவர்கள், கையெழுத்திட்ட கையின் முன் வந்து நிற்கும்போது, அவர்களுடைய குரல் தாழ்கிறதே தவிர, வடிவம் மாறவில்லை. பலவீனம், வெகுளித்தனம், அரசியல் அறியாமை என்று கலைஞனுக்கு வழக்கமாக அளிக்கப்படும் மன்னிப்புகளை நாம் ஏற்பதற்கில்லை. கைசரைக் கேலி செய்யத் தெரிந்தவனுக்கு அரசியல் தெரியாது என்று எப்படிக் கூறுவது? சிம்ப்ளிசிசிமுஸ் 1914 இலேயே போர்முரசு கொட்டத் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1933 திடீரென்று வந்த இடியன்று என்பது புலனாகும். அடிபணிதல் ஒரு பழக்கமாகப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஆரம்பித்திருந்தது.

எனினும் இந்நூலை நாம் தள்ளிவிடவில்லை. கலைஞனின் கோட்டை நேசித்துக்கொண்டே அவனுடைய கையெழுத்தைப் பார்க்கவேண்டிய சங்கடத்தை வேறு எந்த நூலும் இவ்வளவு கண்கூடாக நமக்குத் தந்ததில்லை. கையெழுத்தும் கோடுதானே!

பின்னர் இரு நண்பர்களும் 'கனோன்' என்ற தொடர் வெளியீட்டை 2006 முதல் நடத்தினர். பிஸ்கெ அதில், 1937 இல் ஹிட்லரிடமிருந்து தப்பி நோர்வேக்கு வந்த குர்ட் ஷ்விட்டர்ஸ் என்னும் ஓவியரின் கதையை வளர்த்தார். குல்பிரான்சனில் அவர்கள் விட்டதைப் பிஸ்கெ இவ்வாறு ஈடுசெய்தார் என்று நினைப்பதற்கு இடமுண்டு. குவேர்னலான்ட் எடுத்துக்கொண்டதோ எட்வார்ட் முங்க். ஏழாண்டு உழைப்பின் பயனாக 2013 ஆம் ஆண்டு, முங்க் பிறந்த 150 ஆவது ஆண்டில், அந்நூல் முழுமையாக வெளிவந்தது. புனைவல்லாத நூல்களுக்கான பிராகே பரிசைப் பெற்றது. 2016 இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

நூலின் விதி ஒன்று: முங்க்கின் காலத்துக் காட்சிகளில் வரும் வாசகங்கள் யாவும் முங்க்கும் அவர் காலத்தவரும் எழுதி வைத்தவை. ஆசிரியர் தம் பங்குக்கு ஒரு வசனமும் புனைவதில்லை. நண்பர் பிஸ்கெயோடு தாம் இக்காலத்தில் அலையும் காட்சிகளில் மட்டுமே சொந்தக் குரலிற் பேசுகிறார். கடிதம், நாட்குறிப்பு, பத்திரிகை விமர்சனம், நண்பர்களின் நினைவுக் குறிப்பு ஆகியவற்றைத் துண்டு துண்டாக எடுத்து, பாத்திரங்களின் வாயில் வைத்து, ஒரு சமூகத்தையே மீண்டும் நடமாட விட்டிருக்கிறார். சித்திரங்களும் அவ்வாறே. ஒரு பக்கம் கொச்சையான கேலிச்சித்திரம். மறுபக்கம் நீர்வண்ணத்தில் மெல்லிய கடற்கரை. இன்னொரு பக்கம் முங்க்கின் ஓவியத்தையே தம் கையாற் பிரதிசெய்து காட்டுவது.

இம்முறையின் முதற்பயன், 'அலறல்' வரைந்த பைத்தியக்கார மேதை என்ற பழங்கதை தகர்ந்தமை. அந்தப் பழங்கதை யாருக்கு வசதியானது? கலை என்பது தனிமனிதனின் நோயிலிருந்து பிறப்பது, சமூகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஓதுகிறவர்களுக்கு. குவேர்னலான்டின் முங்க் நண்பர்களிடையே வாழ்பவர்; வாடகை கொடுக்க வழியின்றித் திண்டாடுபவர்; கணக்குப் பார்க்கவும் தெரிந்தவர். 1892 நவம்பரில் பேர்லின் ஓவியர் சங்கம் தானே அழைத்து நடத்திய அவருடைய கண்காட்சியை, ஒரு வாரத்துக்குள் வாக்கெடுத்து மூடிவிட்டது. வாழ்க்கை வரலாறுகளிற் சோகக் கட்டமாக வரவேண்டிய இடம் இது. முங்க்கோ வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் மகிழ்கிறார். இதைவிடச் சிறந்த விளம்பரம் கிடைக்காது என்கிறார். உடனே வேறு மண்டபம் வாடகைக்குப் பிடித்து, நுழைவுக் கட்டணம் வைத்து, அதே படங்களைக் காட்டுகிறார். பிரபுக்களின் ஆதரவு போய், சந்தையை நம்பி வாழவேண்டி வந்த நவீன கலைஞனின் நிலைமை இந்தச் சில பக்கங்களில் அகப்படும் அளவுக்குப் பல ஆராய்ச்சி நூல்களில் அகப்படாது. 'கறுப்புப் பன்றிக்குட்டி' என்ற பேர்லின் மதுச்சாலையில் ஸ்டிரிண்ட்பேர்க்கும் போலந்து எழுத்தாளர் பிஷிபிஷெவ்ஸ்கியும் முங்க்கும் கூடிக் குடித்துக் கூத்தாடும் காட்சிகள் நூலின் உச்சம். சிரித்துக்கொண்டே படிக்கிறோம். நரம்புத் தளர்ச்சியும் பகட்டும் மேதைமையும் ஒரே மேசையில் இருந்து குடிக்கின்றன.

ஆயினும், ஆவணம் தானே பேசுகிறது என்ற நம்பிக்கையை நாம் அப்படியே விழுங்கிவிட முடியாது. முதலாவதாக, முங்க்கின் நாட்குறிப்புகள் என்று கூறப்படுபவை பல வருடங்கள் கழித்து எழுதப்பட்டவை. தம்மைப் படர்க்கையில் 'பிராண்ட்' என்று பெயரிட்டும், காதலித்த பெண்ணுக்கு வேறு பெயர் கொடுத்தும் அவர் எழுதியவை அவற்றிற் பல. அவை இலக்கியம், வாக்குமூலம் அல்ல. அவற்றைப் பேச்சுக் குமிழிக்குள் அடைத்து, நடந்த கணத்திலேயே கூறப்பட்டதுபோல ஒலிக்கச் செய்யும்போது, இளமைக்கும் முதுமைக்கும் இடைப்பட்ட காலம் மறைந்துவிடுகிறது. பிரிக்கின் வசனத்தைச் சந்தேகித்த அதே கை, முங்க்கின் வசனத்தைச் சந்தேகிக்கத் தயங்குகிறது.

இரண்டாவது குறை இதனினும் பாரதூரமானது. எழுதி வைத்தவர்கள் யார்? எழுதியதைப் பத்திரமாகப் பேணிவைக்கக் குடும்பமும் நூலகமும் வாய்க்கப்பெற்றவர்கள் யார்? மேல்வகுப்பு மாணாக்கருக்கு இந்நூலின் சில பக்கங்களைக் காட்டி நாம் உரையாடியபோது, ஒரு மாணவி கேட்டாள்: "இந்த மேசையில் எல்லோரும் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்களே சேர், அந்தப் பெண் என்ன சொன்னாள்?" அவள் குறிப்பிட்டது டாக்னி யூல் என்பவரை. மதுச்சாலைக் கூட்டத்தின் நடுவே இருந்த நோர்வேப் பெண், பியானோ பயின்றவர், பிஷிபிஷெவ்ஸ்கியை மணந்தவர், 1901 இல் திபிலிசி நகரில், காதல் வெறிகொண்ட ஒருவன் கையாற் சுடப்பட்டு, 34 வயது நிரம்புமுன் மாண்டவர். ஆண்களை ஆட்டிப்படைத்த மோகினி என்று அந்த ஆண்கள் எழுதி வைத்தனர். அவரும் நாடகங்கள் எழுதியவர், வசனகவிதைகள் எழுதியவர் என்பதை எத்தனை பேர் நினைவிற் கொண்டனர்? இந்நூலிலும் அவர் பெரும்பாலும் ஆண்களின் ஞாபகத்தினூடாகவே நம்முன் வருகிறார். மேற்கோளைத் தவிர வேறெதுவும் கூடாது என்ற விதி, சாட்சி சொல்ல விடப்படாதவர்களை இரண்டாம் முறையும் ஊமையாக்கிவிடுகிறது.

'நோயுற்ற குழந்தை' என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். 1877 இற் காசநோயால் இறந்த தமக்கை சோபியின் நினைவாக முங்க் வரைந்தது என்று யாவரும் அறிவர். ஆனால் நாற்காலியில் அமர்ந்து அந்த முகத்தைக் கொடுத்தவள் பெற்சி நீல்சன் என்னும் 11 வயதுச் சிறுமி. முங்க்கின் தகப்பனார் வைத்தியர். ஏழைகளின் வீட்டுக்கும் போவார். அப்படி ஒரு வீட்டில், சகோதரனுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில், மகன் கண்ட சிறுமி அவள். நடுத்தரவர்க்கத்து வீட்டின் துயரத்துக்குத் தொழிலாள வீட்டின் குழந்தை முகம் தந்தாள். கலை வரலாற்றில் இதைவிடப் பொருள்பொதிந்த நிகழ்ச்சி அதிகமில்லை. அவள் நாட்குறிப்பு எழுதவில்லை.

நூலின் கனம் 1890களின் மேல் விழுந்திருப்பதும் தற்செயலன்று. மதுச்சாலைக் கூட்டத்தார் ஓயாது எழுதியவர்கள். ஆகவே மேற்கோள்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. 1913, 1914 ஆம் ஆண்டளவில் முங்க் 'வீடு திரும்பும் தொழிலாளர்' என்ற பெரிய ஓவியத்தைத் தீட்டினார். ஆலை விட்டு அலைபோல் நம்மை நோக்கி வரும் அந்த மனிதர்களைப் பற்றிப் பேச, ஸ்டிரிண்ட்பேர்க்கைப் போன்ற வாயாடி எவரும் இல்லை. 1937 இல் நாஜிகள் முங்க்கின் 82 படைப்புகளைச் 'சீர்கெட்ட கலை' என்று ஜேர்மனிய அரும்பொருட்சாலைகளிலிருந்து அகற்றினர். 1940 இல், ஆக்கிரமிப்பாளர் தெருவில் நிற்கையில், தமது ஓவியங்கள் அனைத்தையும் ஒஸ்லோ நகரத்துக்கு எழுதி வைத்தார் அந்த முதியவர். குல்பிரான்சனின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இந்த மரணசாசனத்தின் கையெழுத்தை வைத்துப் பார்க்க ஒரு சித்திரக்காரருக்கு ஆசை வரவேண்டாமா? இரண்டு வரலாறுகளையும் தம் கையால் எழுதியவர் குவேர்னலான்ட் ஒருவரே.

அதற்குப் பதிலாக, 2018 இல் அவர் தம் வீட்டுக்குத் திரும்பினார். தாமாகத் தேடிக்கொண்ட மரணம் என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூல், குவேர்னலான்டுக்கு 18 வயதாக இருந்தபோது தற்கொலை செய்துகொண்ட அவருடைய தந்தையைப் பற்றியது. இங்கே புகழ்பெற்ற மனிதர் எவருமில்லை. கடிதக் குவியல் இல்லை. நினைவுக் குறிப்பு எழுதிய நண்பர் கூட்டமில்லை. குடும்பப் புகைப்படங்கள் இருக்கின்றன. ஒரு மகனின் ஞாபகம் இருக்கிறது. நீண்ட காலம் பிறருடைய வசனங்களின் பின்னே ஒளிந்து நின்று சிரித்தவர், இங்கே ஒளிவதற்கு இடமின்றி நிற்கிறார். கேலி முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் அது கட்டுப்பட்டு நடக்கிறது. தந்தை ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு விடையாக ஒரு நோயின் பெயரையோ ஒரு கடனின் தொகையையோ வைத்து மூடிவிட அவர் அவசரப்படவில்லை.

இந்நூலைத் தனிமனித சோகம் என்று ஒதுக்கிவிடும் தோழர்களும் நம்மிடையே உண்டு. நாம் அவர்களோடு உடன்படவில்லை. பெயரில்லாத ஒரு மனிதரைப் பற்றி, எழுத்து ஆதாரம் எதுவுமின்றி, பார்த்ததையும் பார்க்கத் தவறியதையும் மட்டும் வைத்துக்கொண்டு, பொய் சொல்லாமல் எப்படி வரைவது என்று அவர் கற்றுக்கொண்ட இடம் இது. முங்க் நூலில் அவருக்கு இல்லாதிருந்த திறமை இதுவே. இனி அவர் பெற்சி நீல்சனுக்குத் திரும்பி வரலாம். டாக்னி யூலுக்கும் வரலாம். தூரிகை இன்னும் கையில் இருக்கிறது.